மாஸ் எஃபெக்ட் 3 முடிவுக்கு 2012-ல் ஏன் அவ்வளவு கோபம்?

கடைசிபெஞ்ச்_கமாண்டர்:
மாஸ் எஃபெக்ட் விண்வெளி வீடியோ கேமின் மூன்று பாகமும் சேர்ந்த லெஜண்டரி எடிஷன் தள்ளுபடியில் வந்தபோது வாங்கிப் போட்டது, தொடாமலே கிடந்தது. இந்த மழைக்காலத்தில்தான் உட்கார்ந்து மூன்று கேமையும் வரிசையாக முடித்தேன், நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்று ராத்திரி இரண்டு மணிக்குக் கடைசிக் காட்சி. முடிவு படுமோசம் என்று பல வருஷமாகக் கேள்விப்பட்டிருந்ததால் ஏதோ பெரிய அநியாயம் வரப்போகிறது என்று பயந்துகொண்டே விளையாடினேன். வந்தது என்ன? சின்னப் பையன் உருவத்தில் ஒரு ஏஐ, மூன்று வழி காட்டுகிறது, நான் ரீப்பர்களை, அதாவது நாகரிகங்களை அழிக்க வந்த இயந்திரங்களை, அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தேன், யார் யார் என்ன ஆனார்கள் என்று படைத்தலைவர் அட்மிரல் ஹாக்கெட் குரலில் படம் படமாகக் காட்டி முடித்துவிட்டார்கள். கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. அதற்காக ஊரைக் கூட்டிச் சண்டை போடுவார்களா? அப்போதே விளையாடியவர்கள் சொல்லுங்கள், நான் எதைத் தவறவிட்டேன்?

பழைய_டிஸ்க்:
ப்ரோ, நீங்கள் பார்த்தது நாங்கள் பார்த்த முடிவே இல்லை. அந்த ஹாக்கெட் குரல், அந்தப் படங்கள் எல்லாம் 2012 ஜூன் கடைசியில் இலவசமாக வந்த எக்ஸ்டெண்டட் கட், அதாவது நீட்டிய முடிவு. கேம் வந்தது மார்ச் 6. லெஜண்டரி எடிஷனில் இரண்டையும் சேர்த்தே தைத்துவிட்டார்கள், அதனால் உங்களுக்குத் தையல் தெரியவில்லை.

எக்ஸ்பாக்ஸ் 360, இரண்டு டிஸ்க், இரண்டாவது டிஸ்க் முடியும்போது எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். மூன்று வழிக்கும் மூன்று நிறம், சிவப்பு (நீங்கள் எடுத்த அழிக்கும் வழி), நீலம், பச்சை. எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான், வெளிச்சத்தின் நிறம் மட்டும் வேறு. நட்சத்திரங்களுக்கு இடையே கப்பல்களைப் பாய்ச்சும் மாஸ் ரிலேக்கள் வரிசையாக வெடிக்கின்றன. போர் நடந்துகொண்டிருக்கும்போதே பைலட் ஜோக்கர் நம் கப்பல் நார்மண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ ஓடுகிறான், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் விழுந்து, கதவு திறந்தால், லண்டனில் என் பக்கத்தில் நின்று சண்டை போட்ட ஆள் சாவகாசமாக இறங்கி வருகிறார்! அவர் எப்போது கப்பலில் ஏறினார்? நீங்கள் பார்த்த, நார்மண்டி கீழே வந்து காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போகும் காட்சி அந்த ஓட்டையை அடைக்கப் பிறகு சேர்த்தது.

இன்னொன்று. இரண்டாம் பாகத்தின் அரைவல் டிஎல்சி (தனியாக இறக்கும் கூடுதல் அத்தியாயம்) விளையாடினீர்கள்தானே, அதில் ஒரே ஒரு ரிலே உடைந்ததற்கு ஒரு நட்சத்திர மண்டலமே போய் படேரியன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் மூன்று லட்சம் பேர் செத்தார்கள். அப்படியென்றால் எல்லா ரிலேயும் வெடித்தால்? நாங்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கேம் வாயே திறக்கவில்லை. கடைசியாக ஒரு அறிவிப்புப் பெட்டி வேறு, நாம் ஆடும் நாயகர் ஷெப்பர்டின் புகழை டிஎல்சி மூலம் தொடர்ந்து வளர்க்கலாம் என்று. இழவு வீட்டில் வந்து சீட்டு சேரச் சொன்ன மாதிரி இருந்தது.

குவாரியன்_மாப்பிள்ளை:
மேலே சொன்னதெல்லாம் ஓட்டைகள். ஓட்டையைத் தைத்துவிடலாம், தைத்தும்விட்டார்கள். எனக்கு ஆறாதது வேறு.

ரன்னோக் கிரகத்தில் குவாரியன்களுக்கும் அவர்கள் படைத்த கெத் இயந்திரங்களுக்கும் சமாதானம் செய்து வைத்தீர்களா? அது சும்மா கிடைப்பதில்லை, இரண்டாம் பாகத்தில் நம் குவாரியன் தோழி டாலியின் விசாரணையை எப்படி முடித்தீர்கள் என்பது வரைக்கும் கணக்கில் வரும். முன்னூறு வருஷப் பகை தீர்ந்து, லீஜன் என்ற கெத் தன்னை "நாங்கள்" என்று சொல்வதை விட்டுவிட்டு "நான்" என்று சொல்லிச் சாகிறது. அதற்கப்புறம் சில மணி நேரத்தில் அந்தப் பையன் வந்து, படைக்கப்பட்டவை படைத்தவரை எதிர்த்தே தீரும், அதனால்தான் 50,000 வருஷத்துக்கு ஒருமுறை ரீப்பர்கள் நாகரிகங்களை அறுவடை செய்கின்றன என்கிறான். என் ஷெப்பர்ட் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "வெளியே எட்டிப் பார், இரண்டு படையும் சேர்ந்து உனக்கு எதிராக நிற்கிறது" என்று ஒரு வரி சொல்ல எனக்கு வழி இல்லை. 2007-லிருந்து நம் முடிவுகள் பதிந்த சேவ் கோப்பைச் சுமந்து வந்து, ஒவ்வொரு பேச்சிலும் பதில் சொல்லும் உரிமை கொடுத்த கேம், பேசியே ஆகவேண்டிய இடத்தில் வாயைக் கட்டிவிட்டது.

வெளியீட்டுக்கு முன்னால் இயக்குநர் கேஸி ஹட்சன், இது ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்கிற மாதிரி முடிவு இல்லை என்று பேட்டி கொடுத்திருந்தார். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

டுசாங்கா_டாக்டர்:
நான் இதில் சிறுபான்மை. மூன்றாவது கேம் முழுவதுமே முடிவுதான் என்பேன். நம் விஞ்ஞானித் தோழர் மோர்டின் உயிரைக் கொடுக்க அந்தக் கோபுரத்தில் ஏறிப் போனது ஒரு முடிவு, ரன்னோக் ஒரு முடிவு. கடைசிப் பத்து நிமிடம் சொதப்பியதற்காக முப்பது மணி நேரத்தைக் குப்பையில் போட முடியாது.

ரசிகர்களும் எல்லை மீறினார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வரைக்கும் ஒருவர் புகார் கொடுத்தார், முடிவு பிடிக்கவில்லை என்பது நுகர்வோர் வழக்கா? ஆனால் கப்கேக் விஷயத்துக்கு நான் ரசிகன். கேமை உருவாக்கிய பயோவேரின் எட்மண்டன் அலுவலகத்துக்கு 400 கப்கேக் அனுப்பினார்கள், மேலே சிவப்பு, நீலம், பச்சை க்ரீம், உள்ளே எல்லாமே ஒரே வெனிலா! இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சனம் எழுதியதில்லை. அதே கூட்டம்தான் சைல்ட்ஸ் ப்ளே அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டியும் கொடுத்தது.

பழைய_டிஸ்க்:
@டுசாங்கா_டாக்டர் எல்லை மீறியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சத்தம் போடாமல் இருந்திருந்தால் எக்ஸ்டெண்டட் கட் வந்திருக்குமா?

மல்டிபிளேயரையும் மறந்துவிட்டீர்கள். அப்போது அதை ஆடாவிட்டால் ரெடினெஸ் (போருக்கான தயார்நிலை) 50 சதவீதத்திலேயே நின்றது, அதாவது தனியாக விளையாடிச் சேர்த்த படையில் பாதிதான் கணக்கில் வந்தது. போதிய படை இருந்தால்தான் வரும், ஷெப்பர்ட் பிழைத்து மூச்சு விடும் அந்த ஒரு நொடிக் காட்சிக்காக, எங்கள் ஊர் இணைய வேகத்தில் ராத்திரி ராத்திரியாகத் தெரியாத ஆட்களோடு அலை அலையாகச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிபெஞ்ச்_கமாண்டர்:
அப்போ நான் ஒட்டுப்போட்ட சட்டையைப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன், சரி.

@குவாரியன்_மாப்பிள்ளை நானும் சமாதானம் செய்து வைத்தேன். அப்புறம் சிவப்பை எடுத்தேன். அதில் கெத் உட்பட எல்லா இயந்திர உயிரும் போய்விடும் (நம் கப்பலின் ஏஐயான ஈடியும்தான்) என்று அந்தப் பையன் சொன்னபோது தூக்கக் கலக்கத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. உங்கள் பதிலைப் படித்துவிட்டுத்தான் உறைக்கிறது. இப்போது கொஞ்சம் கோபம் வருகிறது.

குவாரியன்_மாப்பிள்ளை:
வாருங்கள், சங்கத்தில் சேர்ந்தாகிவிட்டது. சிட்டாடல் டிஎல்சி ஆடினீர்களா?

கடைசிபெஞ்ச்_கமாண்டர்:
இல்லை, வீடு பார்க்க வா என்று ஷெப்பர்டின் பழைய தலைவர் ஆண்டர்சன் அனுப்பிய மெயில் அப்படியே கிடக்கிறது.

குவாரியன்_மாப்பிள்ளை:
கேமை முடித்த பிறகும் செர்பரஸ் என்ற எதிரி அமைப்பின் தளத்தைத் தாக்குவதற்கு முந்தைய இடத்திலிருந்து தொடரலாம், அங்கே போய் அதை ஆடுங்கள். அந்த வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைத்துவிட்டு, அதோடு கேமை மூடிவிடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் முடிக்கிறேன், லண்டன் பக்கமே போவதில்லை.