பூத்துக்குள்ள ரகசியம் எங்கே கசியுது? பார்த்ததைச் சொல்லுங்க

பி3_நிரந்தரம்
அந்தப் பாட்டி விஷயம் இன்னும் உறுத்துது. மத்தியானம் ரெண்டு மணி, கியூ இல்ல. பி-3, அதாவது மூணாவது வாக்குச்சாவடி அலுவலர், அடுத்த ஓட்டுக்கு வழி விடுற பேலட் பட்டனை அமுக்கியாச்சு, மேஜையில இருக்கிற கன்ட்ரோல் யூனிட்ல பிஸி விளக்கு சிவப்பா எரியுது. மறைப்புக்குள்ள போன பாட்டி வெளிய வரல, பீப் சத்தமும் வரல. திடீர்னு உள்ளேருந்து குரல்: "எத்தன தடவ அமுக்குறது சாமி, சத்தமே வரலையே!" எதை அமுக்குறாங்கன்னு சின்னத்தோட பேரையும் சேர்த்தே சொல்லிட்டாங்க. நாலு ஏஜென்ட்டும் ஒரே நேரத்துல தலையைத் தூக்கினாங்க. ஒருத்தர் சிரிச்சார். இன்னொருத்தர் கையில இருந்த பட்டியல்ல பேனாவை வச்சார். அந்தப் பேனாதான் மறக்க மாட்டேங்குது.

கோளாறு ஒண்ணுமில்ல. நீல பட்டனை விட்டுட்டு, தாள்ல அச்சடிச்ச சின்னத்து மேலயே விரலை வச்சு அழுத்தியிருக்காங்க. வயசானவங்க பாதிப் பேர் இப்படித்தான்.

மைபுட்டி
அதுக்குத்தானே பட்டன் இருக்கிற பேலட் யூனிட்டோட மாதிரியை அட்டையில அச்சடிச்சு, தேர்தல் பொருட்களோட கொடுத்து அனுப்புறாங்க? அது கடைசி வரைக்கும் பையிலேயே கிடக்கும். பாட்டி உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய வச்சு, "படத்துல இல்லம்மா, பக்கத்துல நீல பட்டன், சத்தம் வர்ற வரைக்கும்"னு காட்டினா முடிஞ்சுது. மறைப்புக்குள்ள போய்ச் சொல்லித் தரவே கூடாது. மிஷின் கோளாறுன்னு தலைமை அலுவலர் உள்ள போக வேண்டி வந்தாலும் ஏஜென்ட்டுகளையும் கூட்டிக்கிட்டுப் போகணும்.

தட்டி கட்டுறவன்
பாட்டி வாயை விடுங்க, ஜன்னலைப் பாருங்க. 24 அங்குல அகலம், 30 அங்குல உயரத்துக்கு மறைப்பு தர்றாங்க. அதை, ஓட்டுப் போடுறவங்க முதுகு பள்ளிக்கூட ஜன்னல் பக்கம் இருக்கிற மாதிரி வச்சா, வராண்டாவுல நிக்கிறவனுக்குக் கை எந்த வரிசைக்குப் போகுதுன்னு தெரியும். பட்டன் தெரிய வேண்டாம், முழங்கை ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சாலே போதும். முந்தின நாள் சாயங்காலம் ஒருத்தரை உள்ள நிக்க வச்சு, அறைக்கு வெளிய சுத்தி வந்து பார்க்கணும். ஜன்னலைச் சாத்துறதுல இன்னொரு லாபம், விவிபாட் (போட்ட ஓட்டைச் சீட்டுல அச்சடிச்சுக் காட்டுற மிஷின்) மேல நேர் வெளிச்சம் விழாது. வெளிச்சம் பட்டா அதோட சென்சார் தகராறு பண்ணும். கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போற கேபிள் 5 மீட்டர் இருக்கு, சுவத்தை ஒட்டி விடுங்க, நடக்கிற வழியில போடாதீங்க. வெப் கேமரா வச்சா அது வாக்காளரோட முதுகுப் பக்கம் பார்க்கவே கூடாது.

கிழக்குத்தெரு
ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகி ஆறு மாசம் இருக்கும். வீட்டுக்காரர் "அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் கூடப் போறேன்"னு நின்னார். அனுமதிக்கல. அது தனியா போச்சு, பீப் வந்துச்சு, வெளிய வந்துச்சு. வாசல்லயே, "எதுல போட்ட?" "நீங்க சொன்னதுலதான்." சொல்லும்போது தரையைப் பார்த்துச்சு. பொய்யா நிஜமான்னு அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பழைய பி1
கிழக்குத்தெரு சொன்னதுதான் மொத்த விஷயமும். ரகசியம்னா சொல்லாம இருக்கிறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். அந்தப் பொண்ணு வாய் திறந்து சொல்லிருச்சு, ஆனாலும் ரகசியம் போகல, ஏன்னா நிரூபிக்க வழியில்ல. காசு கொடுத்தவனுக்கும் இதே கதிதான். அதனாலதான் செல்போனை உள்ள விடாதேங்கிறாங்க. விவிபாட் சீட்டு 7 செகண்டு கண்ணாடிக்குப் பின்னால நிக்கும், ஒரு போட்டோவுக்கு அது தாராளம். போட்டோ வந்துட்டா பொய் சொல்ற உரிமை போச்சு. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 94-வது பிரிவு, யாருக்குப் போட்டேன்னு சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுங்குது. அது கோர்ட்டுக்குச் சரி. வீட்டு வாசல்ல யாரு கேக்குறது?

சட்டம்49
அனுமதிக்காம விட்டது சரியா? தேர்தல் நடத்துற விதிகள்ல 49N-படி துணைக்கு ஆள் உண்டே!

பழைய பி1
விதியை முழுசாப் படிங்க சார். பார்வை இல்லாதவங்க, சின்னத்தைக் கண்டுபிடிக்கவோ பட்டனை அமுக்கவோ உடம்பால முடியாதவங்க, இவங்களுக்குத்தான். எழுத்தறிவு இல்லைங்கிறது காரணமே ஆகாது, சின்னம் எதுக்கு இருக்கு? துணைக்கு வர்றவர் 18 வயசு முடிஞ்சவரா இருக்கணும், அன்னிக்கு ஒருத்தருக்குத்தான் துணை போகலாம், ரகசியம் காப்பேன்னு உறுதிமொழி எழுதித் தரணும். படிவம் 14A-ல பதியணும். பூத் ஊழியர் துணையாப் போகவே கூடாது. அவசரத்துல அந்த உறுதிமொழியை மறந்துடுறாங்க, அப்புறம் ஒரே ஆள் காலையிலிருந்து அஞ்சு பாட்டிகளைக் கூட்டிட்டு வருவார்.

தபால்கவர்
எல்லாரும் பூத்தையே பேசுறீங்க. தபால் ஓட்டு எண்ணுற மேஜையில பாருங்க. ஒரு வாத்தியார் ஓட்டுச்சீட்டுல சுத்தமா டிக் போட்டுட்டு, கீழே அழகா கையெழுத்தும் போட்டிருந்தார். ஆளை அடையாளம் காட்டுற குறி, செல்லாது. யாருக்குப் போட்டார்னு மேஜையில இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சுது, ஓட்டும் போச்சு.

கேக்காமலே சொல்றேன், தபால் ஓட்டு போடுறவங்க பாருங்க. ஓட்டுச்சீட்டு மட்டும் சின்ன உறை 13B-க்குள்ள. ஒட்டுங்க. உறுதிமொழி 13A-ல கையெழுத்து, சான்றொப்பம், ஓட்டுச்சீட்டோட வரிசை எண். அதே எண் 13B உறை மேலயும் இருக்கணும். அப்புறம் 13A-வும் 13B-யும் பக்கத்துப் பக்கத்துல, பெரிய உறை 13C-க்குள்ள. 13A-வை 13B-க்குள்ள திணிக்கிறதுதான் அதிகம் நடக்கிற தப்பு. எண்ணும்போது முதல்ல பெரிய உறையைப் பிரிச்சு 13A-வைத்தான் பார்ப்பாங்க. அது இல்லைன்னா, எண் பொருந்தலைன்னா, 13B-யைப் பிரிக்காமலே தள்ளிடுவாங்க. சரியா இருந்தா 13A எல்லாத்தையும் தனியா எடுத்துக் கட்டி சீல் வச்சிட்டுத்தான் 13B-க்களைப் பிரிப்பாங்க. பேர் ஒரு கட்டு, ஓட்டு ஒரு கட்டு. ரெண்டு உறை எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

மைபுட்டி
உறை பாடம் யாரும் கேக்கலையே அண்ணே :)

படிவம்20
தனி ஆள் ரகசியம் நிக்குது, தெரு ரகசியம் நிக்கல. எண்ணிக்கை முடிவு எழுதுற படிவம் 20-ல பூத் வாரியா ஓட்டு வெளியாகுது. ஒரு பூத்ல ரெண்டு தெருதான்னா, எந்தத் தெரு யாருக்குப் போடலைன்னு மறுநாளே தெரியும். அடுத்த அஞ்சு வருஷம் அந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி வருமா? பேப்பர் ஓட்டுக் காலத்துல பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி 59A இருந்துச்சு. மிஷின் வந்ததும் அந்தக் கலப்பு போச்சு. 14 மிஷினைச் சேர்த்து மொத்தம் மட்டும் காட்டுற டோட்டலைசரை 2008-லயே தேர்தல் ஆணையம் கேட்டுச்சு, 2015-ல சட்ட ஆணையத்தோட 255-வது அறிக்கையும் ஆமான்னுச்சு. இன்னும் வரல.

சட்டம்49
நோட்டாவும் ரகசியத்துக்காக வந்ததுதான். முன்னாடி விதி 49-O-ல ஓட்டுப் போட விருப்பமில்லைன்னா 17A-ங்கிற வாக்காளர் பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும், பூத்ல எல்லாருக்கும் தெரியும். 2013 செப்டம்பர் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம்தான் அதுக்கும் ஒரு பட்டன். எல்லாத் தேர்தலும் ரகசியம்னும் நினைக்காதீங்க. மாநிலங்களவைக்கு 2003-லிருந்து கட்சி எம்.எல்.ஏ. தன் கட்சி ஏஜென்ட்டுக்குக் காட்டிட்டுத்தான் போடணும். 2017-ல குஜராத்ல ரெண்டு பேர் காட்டக்கூடாத ஆளுக்கும் காட்டினாங்க, ரெண்டு ஓட்டும் செல்லாமப் போச்சு.

பி3_நிரந்தரம்
பழைய பி1 ஒண்ணு விட்டுட்டார். துணைக்கு வர்றவருக்கும் மை உண்டு, வலது ஆள்காட்டி விரல்ல. அதைப் பார்த்தாலே ரெண்டாவது பாட்டியோட வரும்போது பிடிச்சிடலாம்.