சொல் தேவை: ‘ஜியோரெஃபரன்சிங்’

ரோஸ் ஹில்லிலிருந்து

மொரீஷியஸிலிருந்து எல்லோருக்கும் வணக்கம்.

நிலப்பட மென்பொருளான கியூஜிஸைத் தமிழாக்கும் சொற்பட்டியலில் ‘ஜியோரெஃபரன்சிங்’ வரிக்கு வந்திருக்கிறோம். ஸ்கேன் செய்த படம் போன்றவற்றைத் தரையில் அவற்றுக்குரிய இடத்தில் உட்கார வைக்கும் வேலை அது. இப்போது அங்கே ‘புவிசார் குறிப்பிடல்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

‘புவிசார் குறியீடு’ என்றால் இன்று தமிழ் படிப்பவர்களுக்கு மதுரை மல்லியும் காஞ்சிபுரம் பட்டும்தான் நினைவுக்கு வரும். ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்புக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. குறிப்பிடல், குறியீடு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதிதாகக் கற்பவர் கட்டாயம் குழம்புவார்.

அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல்லில் வேலை தெரியவில்லை. ஸ்கேன் செய்த படத்தில் ஓர் இடம் கணினிக்கு வெறும் 4,210ஆவது நெடுவரிசை, 2,877ஆவது கிடைவரிசை. அது மோக்கா மலையா, கடலா என்பது அதற்குத் தெரியாது. படத்திலும் தரையிலும் ஐயமில்லாமல் தெரிகிற சில இடங்களை எடுத்து, அவற்றுக்குத் தரையின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்து, மீதிப் படத்தை அவற்றோடு இணங்கி உட்கார வைக்கிறோம். இதில் யாரும் எதையும் குறிப்பிடவில்லை. பொருத்துகிறோம்.

ஆகவே: நிலப்பொருத்தல். நிலம்பொருத்திய படம், நிலம்பொருத்தாத படம். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்று நீட்டி எழுதுவதற்குப் பதில், பொருத்துப்புள்ளி.

——

கியூர்பிப்பிலிருந்து

அக்கா, பொருத்தல் நல்ல சொல். முன்னொட்டு மட்டும் ‘பட’ என்று இருக்கட்டுமே. படப்பொருத்தல் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உடனே புரியும்.

——

ரோஸ் ஹில்லிலிருந்து

தம்பி, 3.26 பதிப்புக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அதுவரை அந்தக் கருவி ராஸ்டர் (பிக்சல்களால் ஆன படம்) பட்டியில் இருந்தது, படத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. 3.26இலிருந்து லேயர் பட்டிக்கு இடம் மாறியது, வெக்டர் கோப்பையும் (புள்ளி, கோடு, பரப்பாக வரைந்தது) எடுத்துக்கொள்கிறது. கட்டட வரைவாளர் கணினியில் வரைந்து கொடுக்கும் ‘கேட்’ (CAD) கோப்பில் மூலை 0,0 என்று இருக்கும். அதையும் இதே கருவியில்தான் தரைக்குக் கொண்டுவருகிறோம். அங்கே படமே கிடையாது.

——

மஹேபூரிலிருந்து

‘படம்’ வேண்டாம் என்பது சரி. ‘நிலம்’ மட்டும் எப்படிச் சரியாகும்? இந்தத் தீவில் பாதி வேலை நிலத்தில் இல்லை. பவளத்திட்டு, அதற்கு உள்ளே உள்ள ஆழமில்லாத கடல், படகு வழி இவற்றின் படங்களைத்தான் மஹேபூர்க்காரர்கள் அதிகம் கேட்கிறார்கள். கடலாழப் படத்தை ‘நிலம்பொருத்தினோம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. புவி என்றால் கடலும் அடக்கம்.

——

ரியூனியன், சேந்த் ஆந்த்ரேயிலிருந்து

வணக்கம். ‘ஊன்றல்’ என்ற சொல்லையும் பாருங்கள் ஐயா. கூடாரத்துக்கு முளை ஊன்றுவதைப் போலத்தான் படத்துக்குப் புள்ளி வைக்கிறோம். ஊன்றுபுள்ளி என்றால் அசையாது என்ற பொருளும் உள்ளேயே வந்துவிடுகிறது. தயக்கம் ஒன்று உண்டு: ‘நிலமூன்றல்’ என்று சேர்த்தால் காதில் ‘மூன்று’ விழுகிறது, ‘புவியூன்றல்’ நாக்கில் நிற்கவில்லை.

எந்தச் சொல்லாக இருந்தாலும் அதைப் பக்கத்து வேலைகள் இரண்டிலிருந்து பிரித்து வையுங்கள். கோப்பில் எண்கள் சரியாக இருக்கும், அவை எந்த ஆயமுறையின் (ஆயத்தொலைவுகளை எண்ணும் முறையின்) எண்கள் என்ற தகவல் மட்டும் விட்டுப்போயிருக்கும். அதைச் சொல்லிக்கொடுப்பது ஒரு வேலை. எண் ஒன்றுகூட மாறாது. ஓர் ஆயமுறையின் எண்களை இன்னொன்றுக்குக் கணக்கிட்டு மாற்றுவது மற்றொரு வேலை. எங்கள் தீவில் பழைய தாள்கள் இபிஎஸ்ஜி (ஆயமுறைகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல்) 3727இல் இருக்கும், புதியவை 2975இல். 3727 கோப்புக்கு 2975 என்று பெயர் மட்டும் ஒட்டிவிட்டு, ‘மாற்றிவிட்டேன், இடம் தப்பி நிற்கிறது’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மூன்றுக்கும் தமிழில் மூன்று சொல் இருந்தால் இந்தத் தவறு பாதி குறையும். ஆயமுறை ஒதுக்கல், ஆயமுறை மாற்றல் என்று முதல் இரண்டையும் வைக்கலாம்.

——

ரோஸ் ஹில்லிலிருந்து

ஒதுக்கல், மாற்றல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கடல் பற்றிச் சொன்னதற்கு மறுப்பே இல்லை, நிலத்தை விட்டுவிட்டேன். புவிப்பொருத்தல்.

சொல் நிற்குமா என்று பார்க்க அதை வேலையில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. உதவிப் பக்கத்துக்கான பத்திகளை எழுதிப் பார்த்தேன். தடுக்கும் இடங்களைச் சொல்லுங்கள்.

“தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்யுங்கள். 1:25,000 தாளில் அப்போது ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 2.1 மீட்டர். லேயர் பட்டியில் புவிப்பொருத்தியைத் திறந்து, படத்தை ஏற்றி, பொருத்துப்புள்ளிகளை வையுங்கள். நான்கு மூலைகளுக்கும் நடுவுக்குமாகப் பரப்பி வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் போர்ட் லூயியில் குவித்தால் அங்கே படம் கச்சிதமாக உட்காரும், தெற்கே சூயாக்கில் வெகுவாக விலகும்.

கோயில், தேவாலயம், பழைய சர்க்கரை ஆலையின் கல் புகைபோக்கி, ஆல்பியன் கலங்கரை விளக்கம் ஆகியவை நல்ல பொருத்துப்புள்ளிகள். கரும்புத் தோட்டத்துக் கற்குவியல்களை நம்பாதீர்கள். இயந்திரம் வந்தபின் பல இடங்களில் அவற்றை அகற்றிவிட்டார்கள். மணற்கரையும் ஆற்றுமுகமும் நகரும். சாலைச் சந்திப்பை எடுத்தால், பிற்பாடு ரவுண்டபவுட் கட்டினார்களா என்று பாருங்கள்.

பழைய தாளில் அச்சிட்ட கட்டம் இருந்தால் கட்டக் குறுக்குகளே எல்லாவற்றிலும் சிறந்த புள்ளிகள். மொரீஷியஸ் கட்டம் இபிஎஸ்ஜி 3337. அதன் தொடக்கப் புள்ளி தெற்கு 20°11′42.25″, கிழக்கு 57°31′18.58″, அங்கே இரு எண்ணும் 10,00,000 மீட்டர். அது லெ பூஸ் 1934 ஆதாரத்தில் (புவியின் வடிவத்துக்கும் இருப்புக்கும் எடுத்துக்கொண்ட அடிப்படையில்) அமைந்தது. கட்ட எண்களைக் கொடுத்துவிட்டு ஆயமுறையை 32740 (யூடிஎம் 40 தெற்கு) என்று தேர்ந்தால் படம் நம் தீவில் இருக்காது. தாளின் விளிம்பில் உள்ள பாகை எண்களை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்தால் தீவில்தான் இருக்கும், ஆனால் பல நூறு மீட்டர் தள்ளி இருக்கும். கண்ணில் படாத தவறு அதுதான்.

உருமாற்ற வகையில் (படத்தைத் தரைக்கு நகர்த்தி வளைக்கும் கணக்கு), முதற்படி பல்லுறுப்புக்கோவைக்குக் குறைந்தது 3 புள்ளி, இரண்டாம் படிக்கு 6, மூன்றாம் படிக்கு 10. நேராகக் கிடந்த தாளுக்கு முதற்படியே போதும். ஈரம் பட்டுச் சுருங்கிய தாளுக்கு இரண்டாம் படி. மூன்றாம் படி புள்ளிகளுக்கு வெளியே விளிம்பைக் கண்டபடி வளைக்கும். முடித்ததும் புள்ளிகளைச் சேமியுங்கள்; .பாயின்ட்ஸ் கோப்பு எளிய உரைக்கோப்புதான், பிறகு ஒரு புள்ளியை மட்டும் திருத்தலாம்.”

——

கியூர்பிப்பிலிருந்து

படித்தேன் அக்கா, எங்கும் தடுக்கவில்லை. ‘புவிப்பொருத்தி’ கருவிக்கு நன்றாக வருகிறது. வினையாக மட்டும் ‘படத்தைப் புவிப்பொருத்து’ என்பது இடறுகிறது. பொத்தானில் ‘புவியோடு பொருத்து’ என்று போடலாமா?

அட்டவணையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே ‘ரெசிடுவல்’ என்று வருகிறதே, அதற்குப் ‘பொருத்துப்பிழை’ என்று வைத்துவிடலாம்.

——

மஹேபூரிலிருந்து

‘பிழை’ வேண்டாம் தம்பி, அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

மூன்றே புள்ளி வைத்து முதற்படியில் ஓட்டினால் அட்டவணையின் அந்த நிரல் (நெடுவரிசை) முழுக்க 0 காட்டும். மூன்று புள்ளிக்கும் பொருந்துகிற உருமாற்றம் எப்போதும் ஒன்று உண்டு, அதனால் 0. ‘பிழை 0’ என்று தமிழில் படிப்பவர் படம் துல்லியமாகிவிட்டது என்றே நம்புவார். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற உருமாற்ற வகையும் அப்படித்தான்: எத்தனை புள்ளி வைத்தாலும் ஒவ்வொன்றின் வழியாகவும் போகும். ஒரு புள்ளியைத் தவறான தேவாலயத்தில் வைத்திருந்தாலும் அந்த நிரல் காட்டிக்கொடுக்காது. தவறைச் சுற்றிப் படம் இழுபட்டிருக்கும்.

இன்னொன்று. 1797இல் வெளிவந்த லிஸ்லே ஜோஃப்ருவாவின் படத்தைப் போன்ற பழைய பிரெஞ்சுப் படங்களை எடுத்தால், விளிம்பில் உள்ள நெட்டாங்கு எந்தத் தொடக்கக் கோட்டிலிருந்து எண்ணியது என்று முதலில் பார்க்க வேண்டும். பாரிஸ் கோடு கிரீனிச்சுக்குக் கிழக்கே 2°20′14″. பாரிஸ் எண்களைக் கிரீனிச் எண்களாகக் கொடுத்தால் மொரீஷியஸ் ஏறத்தாழ 245 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து, ரியூனியனுக்கு வடக்கே கடலில் போய் நிற்கும். அப்போதும் அந்த நிரலில் உள்ள எண்கள் சிறியவையாகவே இருக்கும், ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு தப்பியிருக்கின்றன. புள்ளிகள் தம்முள் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டுமே அந்த எண் அளக்கிறது. பொருத்தியபின் எஞ்சி நிற்பது எதுவோ அதைத்தான் காட்டுகிறது. எச்சம் என்பதே நேரான சொல், கணக்குப் பாடத்திலும் பழகியது.

எச்சம் 5 பிக்சல் என்றால் நம் 1:25,000 தாளில் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. படம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று தெரிய, பொருத்தும்போது பயன்படுத்தாத நான்கைந்து இடங்களைத் தனியே எடுத்து ஒப்பிட வேண்டும். அவற்றுக்குச் ‘சரிபார்ப்புப் புள்ளி’ என்று பட்டியலில் ஒரு வரி சேருங்கள்.

——

ரோஸ் ஹில்லிலிருந்து

சேர்த்துவிட்டேன். பட்டியலில் இப்போது இப்படி இருக்கிறது: வேலை புவிப்பொருத்தல், கருவி புவிப்பொருத்தி, பொத்தான் ‘புவியோடு பொருத்து’, பெயரடை ‘புவிபொருத்திய’, பிறகு பொருத்துப்புள்ளி, சரிபார்ப்புப் புள்ளி, எச்சம், ஆயமுறை ஒதுக்கல், ஆயமுறை மாற்றல். ரியூனியன் ஐயாவின் ஊன்றுபுள்ளியை விட மனம் வரவில்லை. நில அளவையில் தரையில் நிலையாகப் பதித்த அளவைக் கல்லுக்கு அதை வைத்திருக்கிறேன். அங்கே உண்மையாகவே ஊன்றியிருக்கிறது.

அடுத்த வரி ‘ஸ்னாப்பிங்’.