மறு: 169.254 முகவரிக்கு ஒரு சொல் – ‘தானெடுத்த முகவரி’

நண்பர்களுக்கு வணக்கம். ரவுட்டரிடமிருந்து (கணினிகளை இணையத்தோடு சேர்க்கும் பெட்டி) முகவரி கிடைக்காதபோது, கணினி தானே எடுத்துக்கொள்ளும் பிணைய முகவரி 169.254 என்று தொடங்கும். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் நண்பர் ஒருவர் எழுதியது:

> ‘தான்தோன்றி முகவரி’ என்றே வைத்துவிடலாம். கேட்டதும் மனதில் நிற்கும்.

ஐயா, நிற்கும் என்பது சரிதான். ஆனால் எனக்கு அந்தச் சொல் நெருடுகிறது. போன வாரம் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

இங்கே மொரீசியசில், ரோஸ் ஹில்லில் நான் எடுக்கும் மாலைத் தமிழ் வகுப்பில், மடிக்கணினியைக் கேபிள் போட்டு இணைத்தேன். கேபிள் டக்கென்று உட்கார்ந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. வேறு கேபிள் போட்டும் அதே கதை. கறுப்புத் திரையில், கணினியின் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தால், 169.254 என்று தொடங்கும் முகவரி. தேடிப்போனேன். மூலையிலுள்ள சுவிட்சிலிருந்து (அறையின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) ரவுட்டருக்குப் போகும் கேபிள், அறையைப் பெருக்கும்போது கழன்று தரையில் கிடந்தது. சுவிட்சில் மின்சாரம் இருந்ததால் விளக்கு எரிந்திருக்கிறது. முகவரி கொடுக்க வேண்டிய ரவுட்டர்தான் எட்டவில்லை.

அந்த நேரத்தில் கணினி செய்வதைப் பாருங்கள். 2005இல் வந்த ஆர்எஃப்சி 3927 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்லும் முறைப்படி, 169.254.1.0 முதல் 169.254.254.255 வரை ஏதோ ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ‘இது யாரிடமாவது இருக்கிறதா?’ என்று அதே இணைப்பில் உள்ளவர்களை மூன்று தடவை கேட்கும். யாரும் மறுக்காவிட்டால்தான் வைத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தைக் கேட்டுவிட்டு எடுப்பதைத் தான்தோன்றி என்பது நியாயமில்லை. தான்தோன்றீசுவரரை நினைப்பவர் ஒருவர் என்றால், தான்தோன்றித்தனத்தை நினைப்பவர் பத்துப் பேர்.

‘தானியங்கு முகவரி’யும் பொருந்தாது, ரவுட்டர் கொடுப்பதும் தானாகத்தான் வருகிறது. ‘சுயமுகவரி’ என்றால், பத்திரிகைக்குக் கதையோடு வைத்தனுப்பும் தபால்தலை ஒட்டிய உறைதான் எனக்கு நினைவு வருகிறது.

அதனால்தான் ‘தானெடுத்த முகவரி’ என்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். அவர்களுக்குத் ‘தான்தோன்றி’யை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும். ‘தான்’, ‘எடு’ இரண்டும் தெரியும். பலகையில் எழுதிக் காட்டினேன்.

“யார் எடுத்தது, டீச்சர்?” என்றாள் முன்வரிசையில் ஒரு சிறுமி.

“கணினியே எடுத்தது.”

“ஏன், யாரும் கொடுக்கலையா?”

பழுது பார்க்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்! சொல்லே அதை அவள் வாயில் கொண்டுவந்துவிட்டது.

இதற்கு இணையாக, ரவுட்டர் தருவதைக் ‘குத்தகை முகவரி’ எனலாம். குறித்த காலத்துக்குத் தருவது, காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டியது. பிரெஞ்சிலும் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கான சொல்லையே இதற்கு வழங்குகிறார்கள்.

திரையில் இடம் குறைவென்றால் ‘தானெடு முகவரி’ என்று வினைத்தொகையாக்கலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். பேச்சில் ‘எடுத்த’ என்பதே ஓடிவருகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து