பொன் முகட்டின் கீழ் அத்தானோடு ஒரு பகல்

அத்தானின் மகனான என் மருமகனின் கலியாணத்துக்காக நானும் அத்தானும் இலங்கையின் வடக்கே உள்ள விசுவமடுவிலிருந்து பாரிஸ் சென்றிருந்த நாட்களில், ஈபிள் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததே போதும் என்று சொல்லிவிட்ட அத்தான், பஸ் யன்னலூடாக அடிக்கடி கண்ணில் பட்ட பொன் முகட்டுக் கட்டடம் எது என்று மட்டும் மகனிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அது அன்வலிட் என்றும், அந்தப் பெயருக்கு உடல் வலுவிழந்தோர் என்று பொருள் என்றும் மருமகன் சொன்னதும் அத்தான் சிரித்துவிட்டார். "அப்ப அது எங்கட ஆக்களின்ர இடமல்லோ!" மீள்குடியேறிய காலத்தில் காணி துப்புரவாக்கும்போது மிதிவெடியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலோடுதான் இன்றும் சைக்கிள் திருத்தும் கடையை நடத்துகிறார்.

வாசலில் காவலாளி கையில் வைத்திருந்த கருவி அத்தானின் காலருகே ஒலித்தது. அவர் காற்சட்டையைச் சற்றே உயர்த்திக் காட்ட, அந்த மனிதர் தலையசைத்து உள்ளே விட்டார். நான்தான் வீணாகப் பதறினேன்.

உள்முற்றம் முழுவதும் கருங்கல் பாவப்பட்டிருக்கிறது. செயற்கைக் காலோடும் ஊன்றுகோலோடும் செல்பவர்கள் அங்கே ஆறுதலாக நடப்பது நல்லது. சுற்றிவர வெண்கலப் பீரங்கிகள். போர்க்களத்தில் காயமுற்றும் முதுமையடைந்தும் பிழைக்க வழியற்றுப் போன படைவீரர்களுக்காக 14ஆம் லூயி மன்னன் 1670இல் இந்த இல்லத்தை அமைக்கக் கட்டளையிட்டான். கட்டடக்கலைஞர் லிபெரால் புருவான் வரைந்த திட்டப்படி எழுந்த கட்டடத்தில் 1674இல் முதல் வீரர்கள் குடியேறினார்கள். அவர்கள் சும்மா இருக்க விடப்படவில்லை. சப்பாத்துத் தைக்கவும் திரைச்சீலை நெய்யவும் அங்கேயே பட்டறைகள் இருந்தன. இதை மருமகன் விளக்கியபோது அத்தான் வேறெதையும் கேட்கவில்லை, பட்டறை எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை.

ஆயுதங்கள் எப்போதிருந்தோ இங்கு இருந்தனதான். 1789ஆம் ஆண்டு யூலை 14ஆம் திகதி காலையில் மக்கள் கூட்டம் இந்தக் கட்டடத்துக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வேண்டிய வெடிமருந்தைத் தேடியே பஸ்தீய் சிறைக்கோட்டைக்குப் போனது. ஆனாலும் இப்போதைய படைத்துறை நூதனசாலை 1905இல்தான் உருவானது. காயப்பட்டவர்களின் வீடு முதலில், காட்சிக்கூடம் பிறகு என்ற இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

நெப்போலியனின் கல்லறையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. 1821இல் சென் ஹெலேனாத் தீவில் இறந்தவரின் உடலை 1840இல் கொண்டுவந்து, 1861இல் இந்தச் செந்நிறக் கற்பேழைக்குள் வைத்தார்கள். பேழை பெரியது, கூட்டமும் பெரியது. அவருடைய குதிரைகளுள் ஒன்றான விசீர் பாடம் செய்யப்பட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. நான் நினைத்திருந்ததைவிட மிகச் சிறிய குதிரை.

அத்தான் அசையாமல் நின்றது வேறோர் இடத்தில். 1815இல் வாட்டர்லூப் போரில் மடிந்த ஃபோவோ என்ற குதிரைப்படை வீரனின் மார்புக் கவசம் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. பீரங்கிக் குண்டு முன்தகட்டில் நுழைந்து முதுகுத் தகட்டைக் கிழித்து வெளியேறியிருப்பதால், முன்னால் நின்று பார்க்கிறவருக்கு அந்த ஓட்டை வழியே பின்சுவர் தெரிகிறது. முன்புறம் விளிம்பு உள்ளே மடிந்தும் பின்புறம் வெளியே விரிந்தும் இருந்ததை அத்தான் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். எங்கள் வளவு வேலியிலும் ஷெல் துண்டுகள் துளைத்த தகரங்கள் சில இன்னும் நிற்கின்றன. எந்தத் துண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை மடிப்பைத் தடவியே சொல்லக்கூடியவர் அவர். "பெடிக்கு என்ன வயசு இருந்திருக்கும், தம்பி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்தார். அதற்குப் பிறகு அவர் வாள்களையும் துப்பாக்கிகளையும் நின்று பார்க்கவில்லை.

திரும்பும்போது முற்றத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவரைத் தாதி ஒருவர் தள்ளிச் சென்றார். போரில் காயமுற்றவர்களுக்கான மருத்துவமனையும் தங்குமிடமும் இன்றும் இந்த வளாகத்துக்குள்ளேயே இயங்குவதை மருமகன் அப்போதுதான் சொன்னான். அத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "முந்நூற்றைம்பது வருசமாச் சோறு போடுறாங்களோ?" என்றார்.

பக்கத்திலிருந்த மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி இல்லை. அத்தான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக எண்ணியபடி இறங்கினார்.