திடீர் சிசு மரணம்: மூளையில் எந்த இடத்தில் கோளாறு?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
தூக்கத்திலேயே இறந்துபோகும் சிசுக்களுக்கு மூளைக் கோளாறு இருக்கும் என்கிறார்களே, எந்தப் பகுதியில்? பிறந்ததும் ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

பதில் (பீட்டர்மரிட்ஸ்பர்க்):
பெரும்பாலும் முகுளத்தில் அக்கா, அதாவது மூளை தண்டுவடத்தோடு சேரும் அடிப்பகுதியில். மூச்சையும் இதயத்துடிப்பையும் கட்டுப்படுத்துவது அதுதான், தூக்கத்திலிருந்து விழிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. குப்புறப் படுத்த குழந்தை தான் விட்ட காற்றையே திரும்ப இழுத்தால் கரியமில வாயு ஏறும். அங்குள்ள செரோட்டோனின் (நரம்பணுக்கள் சேதி அனுப்பும் ஒரு வேதிப்பொருள்) நரம்பணுக்கள் அதை உணர்ந்து குழந்தையை எழுப்ப வேண்டும். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஹானா கின்னி குழுவின் 2010 ஆய்வில், இப்படி இறந்த குழந்தைகளின் முகுளத்தில் செரோட்டோனின், வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளைவிட 26 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாக் குழந்தைக்கும் இப்படி இருப்பதில்லை. ஸ்கேனில் தெரியாது, பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் திசுவில்தான் தெரியும்.

பதில் (லெனேசியா):
கோளாறு மட்டும் போதாது. அந்தப் பலவீனம், ஒரு வயதுக்குள் இருப்பது (அதிலும் 2 முதல் 4 மாதம்), வெளியிலிருந்து வரும் நெருக்கடி மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து. குழந்தை பிறந்தபின் நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டுமே: மல்லாக்கப் படுக்க வையுங்கள், கெட்டியான மெத்தை போடுங்கள், தலையணை வேண்டாம். ஜூலைக் குளிர் என்று கம்பளியை முகம்வரை போர்த்தாதீர்கள். உடுப்பில் ஒரு அடுக்கு கூட்டுங்கள். கர்ப்பத்தில் சிகரெட் புகை சிசுவின் முகுளத்தையே பாதிக்கும், வீட்டில் யாரும் புகைக்க விடாதீர்கள்.