இடைநிறுத்தக் காலத்தில் வாகனம் ஓட்டித் தண்டனை பெற்றேன்: ஒன்ராறியோவில் காப்புறுதி எடுப்பது எப்படி?

நிமலன் (ஸ்காபரோ):
வணக்கம். கட்டாமல் கிடந்த ஒரு வேகத் தண்டப்பணத்தால் என் சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருந்தது. அறிவித்தல் பழைய முகவரிக்குப் போய்விட்டது. மார்க்கம் ரோட்டில் பொலிஸ் மறித்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். நீதிமன்றத்தில் 1,000 டொலர் தண்டம், அதன்மேல் கூடுதல் கட்டணம், மேலும் 6 மாத இடைநிறுத்தம். அதெல்லாம் முடிந்து அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் என் காப்புறுதி நிறுவனம் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இணையத்தில் விலை கேட்டால் விவரங்களை நிரப்பி முடிக்குமுன்பே "உங்களுக்கு வழங்க முடியாது" என்று வருகிறது. ஏஜாக்ஸில் இரவு வேலை. முடிகிற நேரத்தில் பஸ் இல்லை. டிமெரிட் புள்ளி (சாரதிப் பதிவில் விழும் தண்டனைப் புள்ளி) ஒன்றுகூட விழாத குற்றத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி? யாரிடம் போனால் கிடைக்கும்?

வடமராட்சியான்:
தம்பி, வாகனத்தை மாமனார் பெயருக்கு மாற்றி, காப்புறுதியையும் அவர் பெயரில் எடுங்கள். உங்கள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் ஏறும், சேர்க்காமலே விடுங்கள். பலர் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

தரகர் (மார்க்கம்):
நிமலன், மேலே சொன்ன வழியில் தயவுசெய்து போகாதீர்கள். வாகனத்தை வழக்கமாக ஓட்டுபவர் யார் என்பதை மறைத்தால் அது பொய்த் தகவல். விபத்து நடந்த அன்றைக்கே அது வெளியே வந்துவிடும். உங்கள் வாகனத்தின் சேதத்துக்கு ஒரு சதமும் வராது. நீங்கள் இடித்தவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சத் தொகையான 200,000 டொலர் வரை நிறுவனம் கொடுக்க நேரலாம். கொடுத்ததைப் பிறகு காப்புறுதி எடுத்தவரிடமே திருப்பிக் கேட்கலாம். மாமனாரின் வீட்டையும் சேமிப்பையும் பணயம் வைத்து வேலைக்குப் போக வேண்டுமா?

காப்புறுதியே இல்லாமல் ஓடுவது அதைவிட மோசம். முதல் தடவைக்கே தண்டம் 5,000 டொலரில் தொடங்கி 25,000 வரை போகும்.

புள்ளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். புள்ளி போடுவது அரசு, அனுமதிப்பத்திரத்தைக் கண்காணிக்க. காப்புறுதி நிறுவனங்கள் அதை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. அவை தண்டனைகளைச் சிறியது, பெரியது, கடுமையானது என்று பிரித்து வைத்திருக்கின்றன. இடைநிறுத்தத்தில் ஓட்டியது கடுமையானது என்ற பிரிவில், குடிபோதையில் ஓட்டியதோடு ஒரே வரிசையில் நிற்கிறது. கடிதம் கைக்கு வராத உங்களுக்கும் வேண்டுமென்றே ஓடியவருக்கும் அந்த வரிசையில் வேறுபாடு இல்லை. அது எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஆனால் விலை அப்படித்தான் போடப்படுகிறது. பொதுவாக 3 ஆண்டுகள் பார்ப்பார்கள், அதுவும் பொலிஸ் மறித்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு வந்த நாளிலிருந்து.

இணையத்தில் விலை தேடுவதை விட்டுவிட்டு, அதிக ஆபத்துள்ள சாரதிகளை எடுக்கும் நிறுவனங்களோடு தொடர்புள்ள தரகர் ஒருவரிடம் போங்கள். ஒரே நிறுவனத்தின் முகவரிடம் போனால் அந்த ஒரு கதவுதான். எவரும் எடுக்காவிட்டால் கடைசியாக ஃபசிலிட்டி அசோசியேஷன் இருக்கிறது. வேறெங்கும் காப்புறுதி கிடைக்காதவர்களுக்காக நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு அது. நேரே போய் வாங்க முடியாது, தரகர் அல்லது முகவர் மூலம்தான். விலை மிக அதிகம் என்பதால் அதை முதலில் தொடாதீர்கள். அங்கே அனுப்புமுன் வேறு எந்தெந்த நிறுவனங்களில் கேட்டார் என்று தரகரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சுதா (பிரம்டன்):
என் கணவருக்கும் இதே தண்டனைதான். வாகனம் என் பெயரில் இருந்தது. ஒரே வீட்டில் அனுமதிப்பத்திரம் உள்ள எல்லோரையும் சொல்லத்தான் வேண்டும் என்றார் தரகர். பிறகு 28ஏ என்ற படிவத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். அவர் அந்த வாகனத்தை ஓட்டவே மாட்டார் என்பதற்கான படிவம் அது. என் கட்டணம் தாங்கக்கூடியதாக இருந்தது. ஆனால் தம்பி, கையெழுத்திட்டால் அவசரத்துக்குக்கூட ஓட்டக்கூடாது. ஒரு நாள் இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் சாவியை எடுத்தார். நான் வாங்கி வைத்துவிட்டு டாக்ஸிக்கு அழைத்தேன். நீங்களே ஓட்ட வேண்டியிருப்பதால் உங்களுக்கு இந்த வழி பொருந்தாது. யாராவது இந்த வழியை ஆலோசனையாகச் சொன்னால் உங்களுக்கு விளங்கட்டும் என்று எழுதுகிறேன்.

நிமலன்:
மிக்க நன்றி அக்கா, நன்றி தரகர் ஐயா. தரகரிடம் போகும்போது என்னென்ன கொண்டு போக வேண்டும்? இடையில் காப்புறுதி இல்லாமல் இருந்த மாதங்களும் பிரச்சினையாகுமா?

தரகர் (மார்க்கம்):
ஆகும். ஆனால் விளக்கம் சொல்லக்கூடிய இடைவெளி அது. பழைய நிறுவனத்திடம் உங்கள் காப்புறுதி வரலாற்றுக் கடிதம் கேளுங்கள். எத்தனை ஆண்டு இருந்தீர்கள், இழப்பீடு கோரினீர்களா என்பது அதில் இருக்கும். விபத்தே இல்லாத ஆண்டுகள் உங்களுக்குக் கைகொடுக்கும். சேர்விஸ் ஒன்ராறியோவில் 3 ஆண்டு சாரதிப் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்பதையும் அங்கேயே உறுதிப்படுத்துங்கள். அட்டை கையில் இருப்பதும் அது செல்லுபடியாவதும் ஒன்றல்ல. இடைநிறுத்தம் முடிந்தபின் அனுமதிப்பத்திரத்தை மீளப்பெறும் கட்டணம் கட்டாமல் ஓடி இரண்டாம் முறை பிடிபட்டால் தண்டம் 2,000 டொலரில் தொடங்கும். முகவரி மாறினால் 6 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

வாகனம் பழையதென்றால் மோதல் காப்பை (மோதலில் உங்கள் வாகனத்துக்கு வரும் சேதத்துக்கான காப்பு) எடுக்காமல் விடலாம். கட்டணத்தில் கணிசமான பகுதி அதுதான். பனிக்கால டயர் போட்டால் ஒன்ராறியோவில் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். மாதத் தவணை வங்கியில் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டாததால் ரத்தானது என்று பதிவானால் இப்போது எடுக்க முன்வரும் நிறுவனமும் மறுத்துவிடும்.

வடமராட்சியான்:
200,000 கதை எனக்குத் தெரியாது. தம்பி, நான் சொன்னதை விடுங்கள். தரகர் ஐயா, விலை எப்போது இறங்கும்?

தரகர் (மார்க்கம்):
3 ஆண்டு முடிந்த அன்றே தானாக இறங்காது. அதற்குப் பிறகு வரும் புதுப்பித்தலுக்கு ஒரு மாதம் முன்பாகவே தரகரை அழைத்து, சாதாரண நிறுவனங்களில் மறுபடி விலை எடுக்கச் சொல்ல வேண்டும். நிமலன், உங்கள் தீர்ப்புத் தாளில் உள்ள திகதியைத் தரகருக்கும் கொடுத்துவிடுங்கள்.