ஜாசின் சொந்தங்கள் 🌴

சின்ன மாமா: (பல முறை பகிரப்பட்டது) 🔥1511ல் மூழ்கிய தங்கக் கப்பல் ஃபுளோர் டி லா மார் மலாக்கா கடலில்! பௌர்ணமி இரவில் பச்சை வெளிச்சம்! தோண்ட பங்கு ஆளுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்). உடனே பத்து பேருக்கு அனுப்பவும்🔥

சின்ன மாமா: யாரெல்லாம் சேர்றீங்க?

பெரியம்மா: தம்பி, பறவைக்கூடு பிஸ்னஸ்ல போட்டது வந்திருச்சா?

அக்கா: மாமா, அந்தக் கப்பல் மலாக்காவுலயே மூழ்கல. போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகெர்க் ஆகஸ்ட்ல ஊரப் பிடிச்சு, கொள்ளையடிச்சத ஏத்திக்கிட்டு இந்தியாவுக்குக் கிளம்பினான். 1502ல கட்டுனது, அப்பவே ஒழுகிக்கிட்டிருந்துச்சு. நவம்பர்ல சுமத்ரா பக்கம் புயல்ல ஒடஞ்சிருச்சு. அவன் தெப்பம் கட்டித் தப்பிச்சான்

சின்ன மாமா: மியூசியத்துல நிக்குதேம்மா. நானே படியேறிப் பார்த்தேன்

தம்பி (கிள்ளான்): அது மாதிரிக்குக் கட்டுனது மாமா 😂 அதுல இருக்கிற ஒரே காசு டிக்கெட் காசுதான்

அக்கா: அவன் ராஜாவுக்கு எழுதின கடுதாசில எதுக்கு வருத்தப்பட்டான் தெரியுமா? ஒரு ஜாவா மாலுமியோட பெரிய வரைபடத்துக்கு. கிராம்புத் தீவு, பிரேசில் எல்லாம் அதுல இருந்துச்சாம். எனக்கும் அதுதான் மனசு கேக்கல

தாத்தா: மலாக்கா பக்கம் தஞ்சோங் பிடாரா கடற்கரை மீன்காரர் ஒருத்தர் எங்கிட்ட சொல்வாரு. வலையில பீங்கான் வந்தா திருப்பிக் கடல்லயே விட்டுரணுமாம். வீட்டுக்குக் கொண்டுபோனா கப்பல்காரன் கேட்டு வருவானாம்

அக்கா: தாத்தா, அங்க நெஜமாவே கப்பல் இருந்துச்சு! டயானா. 1817 மார்ச்ல, சீனச் சரக்கோட மெட்ராஸுக்குப் போறப்ப மூழ்குனது. 1990கள்ல கிட்டத்தட்ட 24,000 பீங்கான் எடுத்து, 1995ல ஆம்ஸ்டர்டாம்ல ஏலம் விட்டாங்க

பெரியம்மா: மெட்ராஸுக்கா! அப்போ நம்ம பூட்டிக்கு வர வேண்டிய சீர்த்தட்டுடி அது 😭

சின்ன மாமா: பாத்தீங்களா? இருக்குன்னுதானே நானும் சொல்றேன்

அக்கா: இருந்தத எடுத்தாச்சு மாமா. இனிமே ஏதாச்சும் கெடச்சாலும் 2005 பாரம்பரியச் சட்டப்படி அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும். 300 வெள்ளி வாங்குறவன் இதச் சொன்னானா?

நான்: பச்சை வெளிச்சம் சோத்தோங் (கணவாய்) பிடிக்கிற படகு விளக்கு மாமா. எங்க வீட்டுக்காரர் தூண்டில் போடப் போறப்பல்லாம் பாக்குறாரு

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

தம்பி (கிள்ளான்): நீக்குனது யாரு 👀

சின்ன மாமா: சரி சரி, பங்கெல்லாம் சேரல. ஞாயித்துக்கெழம தஞ்சோங் பிடாரா போறேன், சும்மா குளிக்கத்தான். கார்ல ரெண்டு பேருக்கு எடம் இருக்கு

அத்தை: குளிக்கப் போறவருக்கு பூட்ல மண்வெட்டி எதுக்காம்?